ஹாஷிம் நானா தேய்த்துக் கொடுத்த ஹெட்

பதுளைக் கடைத்தெருவில் ஹாஷிம் நானாவை ஏமாற்றியவர்கள் என்று யாரும் கிடையாது. ஆனால் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அவர் நம்பிய ஆட்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போகும். இறைச்சிக் கடைக்காரர் தராசில் விரலை வைக்கிறார். பால்காரன் ஓடைப் பக்கமாக ஏன் வருகிறான்? ரயில் ஓடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் ஸ்டேஷன் மணிக்கூட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். சொந்த மைத்துனர் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தால், இவ்வளவு பெரிய கிண்ணத்தில் கொண்டுவர என்ன காரணம் என்று அதைத் தின்றுகொண்டே யோசிப்பார். மிச்சம் வைக்கமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய மனைவி லரீபா வாய் உள்ளவர். "மௌத்தாப் போனாலும் கபுறுக்குள்ள எழும்பி, குழிய சரியா வெட்டினாங்களா எண்டு அளந்து பார்ப்பீங்க," என்று ஒருமுறை சொன்னார். ஹாஷிம் நானாவுக்குக் கோபம் வரவில்லை. அளந்து பார்த்தால் என்ன தவறு என்றுதான் தோன்றியது.

அவருக்குத் தொழில், மோட்டார் எஞ்சின்களின் ஹெட்டைச் சுத்தம் செய்து தேய்த்துக் கொடுப்பது. எஞ்சினின் உச்சியில் கனத்த இரும்பு மூடி ஒன்று உண்டு. அதுதான் ஹெட். அதற்குக் கீழே நெருப்பு வெடிக்கும், அதற்குள்ளே தண்ணீர் ஓடும். இரண்டும் கலந்துவிடாமல் நடுவில் ஒரு செம்புத் தகடு. மாதக்கணக்கில் மலை ஏறி இறங்கிய லொறிக்கு ஹெட்டின் உட்புறம் கரி பிடித்துவிடும். சூட்டில் அடிப்பக்கம் கோணிக்கொள்வதும் உண்டு. கோணினால் தண்ணீர் நெருப்பு இருக்கும் இடத்துக்குள் இறங்கும். பிறகு லொறி பாதி மலையில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிடும், தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

இந்த வேலையை அவர் பட்டறை வைத்துச் செய்யவில்லை. வீட்டுக் குசினிக்குப் பின்னால், சாக்குத் திரை கட்டிய தாழ்வாரத்தில் செய்தார். லரீபாவின் பெரிய சட்டியில் அடுப்புச் சாம்பலைக் கரைத்து, ஹெட்டை அதில் போட்டுக் கொதிக்க வைப்பார். கரி இளகியதும் பித்தளைத் தகட்டால் சுரண்டுவார். இரும்புத் தகட்டால் சுரண்டினால் கீறல் விழும். அப்புறம்தான் ரகசியம். கட்டிலுக்கு அடியில் பழைய சேலையில் சுற்றிக் கனத்த கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். நகைக் கடை ஒன்றில் உடைந்துபோன அலுமாரியிலிருந்து வாங்கியது. விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கண்ணாடியில் மெல்லப் பூசி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எடுப்பார். மேடான இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும், பள்ளத்தில் ஒட்டாது. பிறகு கண்ணாடியைத் துடைத்து, எமரித் தூளும் எண்ணெயும் விட்டு, ஹெட்டை அதன்மேல் எட்டுப் போட்ட மாதிரி சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார். கை ஒரு பக்கமாக அழுத்தாதபடி இடையிடையே முன்பின்னாகத் திருப்பிக்கொள்வார். அடிப்பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வரும்வரை எழும்பமாட்டார். வேலை அப்படி ஒரு சுத்தம், அதில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

சாக்குத் திரை எதற்கு என்று கேட்டால், எமரித் தூள் பறக்கும் என்பார். உண்மை வேறு. இளவயதில் அவர் ஒரு தோட்டத்து ஸ்டோரில் எண்ணெய் எஞ்சினைத் துடைக்கும் வேலையில் இருந்தார். மலைநாட்டில் ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கும் தொழிற்சாலை. அங்கே எஞ்சின் பழுது பார்த்த பிட்டர் தன் கைவேலையை எவனுக்கும் காட்டாதவர். ஹாஷிம் நானா தகரச் சுவரில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் கண்ணை வைத்தே முழுத் தொழிலையும் கற்றுக்கொண்டார். ஓட்டை வழியாகத் தொழில் எப்படிப் போகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆகவே தன் வீட்டில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துக்குச் சொந்தமாக லொறி வந்தது. அதற்கு டிரைவர் கணபதி. அதுவரை ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தவன். கை சுறுசுறுப்பு என்பதால் துரையே அவனைத் தேர்ந்தெடுத்து, ஒரு சிங்கள டிரைவரோடு அனுப்பி ஓட்டப் பழக்கினார். வளைவுகளில் நிதானம், குடி கிடையாது. எஞ்சினைப் பற்றி மட்டும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கிற குணமும் அவனுக்கு இல்லை.

முதல் தடவை ஹெட்டுக்குக் கரி எடுக்க வேண்டி வந்தபோது கணபதி லொறியை நேரே ஹாஷிம் நானாவின் சந்துக்குக் கொண்டுவந்தான். நானாவே கழற்றி, சுத்தம் செய்து, தேய்த்து, நானாவே பூட்டினார். பூட்டும் நேரம் வந்ததும் கணபதியைத் தண்ணீர் எடுத்து வர அனுப்பினார். தண்ணீர் வந்தது. வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். வெற்றிலையும் வந்தது. கடைசியில், மணி என்ன என்று ஸ்டேஷனில் பார்த்துவரச் சொன்னார். அந்த மணிக்கூட்டை அவர் நம்பாதவர் என்பது கணபதிக்குத் தெரியாது. அவன் திரும்பி வரும்போது எல்லா போல்ட்டும் இறுக்கி முடிந்திருந்தது. அந்த ஹெட் மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுக் கசியாமல் ஓடியது.

அடுத்த தடவை டீமேக்கர் கந்தப்பன் ஒரு யோசனை செய்தார். அந்தத் தோட்டத்து ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. லொறி பட்டணத்தில் சும்மா நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஹெட்டைத் தோட்டத்திலேயே கணபதி கழற்றட்டும், அதை மட்டும் பதுளைக்குக் கொடுத்தனுப்பி, திரும்பி வந்ததும் அவனே பூட்டட்டும் என்றார். ஹாஷிம் நானாவுக்கும் அது வசதிதான். தேய்த்த ஹெட்டைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தபோது கணபதி பணிவாகக் கேட்டான்.

"இத மாட்டுறதுக்கு ஏதாச்சும் மொற இருக்குங்களா நானா?"

முறை இருக்கிறது. மூடியை நடுவிலிருந்து வெளியே பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முதல் சுற்றில் லேசாக, பிறகு கொஞ்சம், பிறகு முழுதாக. எஞ்சின் சூடானதும் இன்னொரு முறை. இதைச் சொல்ல ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் போதும். ஆனால் அந்தக் கேள்வியில் ஹாஷிம் நானாவின் மூக்கில் வியர்த்தது. இன்றைக்கு இறுக்குவதைக் கேட்பான், நாளைக்குத் தேய்ப்பதைக் கேட்பான், நாளை மறுநாள் தோட்டத்திலேயே ஒரு கண்ணாடியை வாங்கி வைப்பான். வாயைக் கிளறுகிறான் என்று முடிவு கட்டினார்.

"நல்லா இறுக்கு. அவ்வளவுதான்," என்றார்.

கணபதி தலையாட்டிவிட்டுப் போனான். வாரம் முடியுமுன் லொறி மலையில் ஆவி விட்டு நின்றது. ஹெட் திரும்பி வந்தது. அதே வேலை, அதே சுத்தம், மறுபடி போனது. மறுபடி நின்றது.

தன் வேலையில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் ஹாஷிம் நானாவுக்கு வரவே இல்லை. வராததற்கு நியாயமும் இருந்தது. கண்ணாடி பொய் சொல்லாது. முதல் தடவை அவர் கையால் பூட்டியது கசியவும் இல்லை. அப்படியானால் வழியில் எதுவோ நடக்கிறது. கணபதி ஹெட்டை மாற்றுகிறானா? யாருக்கும் தெரியாதபடி தண்ணீர்த் துளையின் உள்விளிம்பில் ஊசி முனையளவு ஒரு புள்ளி குத்தி அனுப்பினார். திரும்பி வந்தபோது புள்ளி அப்படியே இருந்தது. அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அரத்தால் ராவுகிறானா? வெயிலில் பிடித்துப் பார்த்தார், ராவிய தடம் இல்லை. தண்ணீரில் உப்புப் போடுகிறானா? நடுத் துளையில் ஒட்டியிருந்த துருவை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். லரீபா குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"இப்ப அதையும் திண்டு பார்க்கிறீங்களா?"

"உப்புக் கரிக்கிது," என்றார் அவர்.

"ஒங்கட நாக்கு. காலையில கருவாடு திண்டீங்க."

அன்றைக்கே தேயிலைப் பெட்டிகளை ரயிலில் ஏற்றக் கந்தப்பன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மாட்டு வண்டியில் வந்த எரிச்சல் அவர் முகத்தில் இருந்தது. அவர் ஹாஷிம் நானாவைக் கூப்பிட்டு, பிழை இரண்டில் ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ஒன்று தேய்க்கிறவன், இல்லையென்றால் ஓட்டுகிறவன் என்றார். தேய்க்கிறவன் என்றால் இனி இந்தத் தோட்டத்து வேலை மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். ஹாஷிம் நானா அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். டிரைவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் என்றார். தண்ணீரில் உப்போ எதுவோ கலக்கிற மாதிரி தெரிகிறது, லொறி நின்றால் அவனுக்கு ஓய்வுதானே என்றார். பார்த்தேன் என்று சொல்லவில்லை, தெரிகிறது என்றுதான் சொன்னார். அந்த வித்தியாசம் தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தார்.

கந்தப்பனுக்கு வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, கணபதியின் பெயர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களோடு வாசிக்கப்பட்டது. துரைக்குச் சொல்லியாகிவிட்டது, துரை தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்ததும் விசாரிப்பார், வேண்டுமென்றே கெடுத்தான் என்று ஆனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் காலி பண்ண வேண்டும் என்றும் சொன்னார்கள். தோட்டத்து வண்டியைக் கெடுத்தவன் என்ற பேரோடு வெளியேறுகிறவனை எந்தத் தோட்டம் சேர்த்துக்கொள்ளும்?

இந்தச் செய்தியைப் பதுளைக்குக் கொண்டுவந்தவள் கணபதியின் மனைவி கருப்பம்மா. மலை இறங்கி நடந்தே வந்தாள். ஹாஷிம் நானாவிடம் அவள் பேசவில்லை. குசினிப் பக்கமாக வந்து லரீபாவிடம் பேசினாள். நானாவுக்கு அவள் அந்தப் பக்கமாக வந்ததே பிடிக்கவில்லை. சாக்குத் திரைக்கு நேரே ஏன் உட்காருகிறாள்? புருஷன் அனுப்பி உளவு பார்க்க வந்திருப்பாள் என்று கண்ணாடியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். திரைக்குப் பின்னாலிருந்து அவள் பேசுவது கேட்டது.

"உப்புப் போட்டாருன்னு சொல்றாங்க அக்கா. எங்க வீட்டு ஒல எறக்குறதுக்கே உப்பு கடனா வாங்குற நெலம. அவரு அந்த லொறியத் தொடைக்கிற துணியக்கூட என்னய தொவைக்க விடமாட்டாரு, அவரே தொவைப்பாரு."

லரீபா சோறு போட்டுக் கொடுத்தார். கருப்பம்மா சாப்பிட்டுவிட்டு, இலையை எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு, வந்த வழியே போனாள். அவள் போனபின் லரீபா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க கண்ணால கண்டீங்களா?"

"காணத்தான் வேணுமா? யோசிச்சுப் பார்த்தா வெளங்காதா?"

"நீங்க யோசிச்சுப் பார்த்தா என்னயும் கள்ளி எண்டுதான் வெளங்கும்," என்று சொல்லிவிட்டு லரீபா சட்டியைத் தேய்க்கப் போனார். அன்று முழுக்க அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. லரீபா பேசாமல் இருப்பது அந்த வீட்டில் பெரிய சத்தம்.

அந்த விசாரணையில் ஒரு சோதனையைக் கேட்டு வாங்கியது கணபதிதான். உப்பும் போடவில்லை, மண்ணும் போடவில்லை, எல்லாரும் பார்க்க ஒருமுறை பூட்டிக் காட்டுகிறேன், பிறகு துரை என்ன செய்தாலும் சரி என்று சொல்லியனுப்பினான். துரை ஒத்துக்கொண்டார், பார்க்கிற பொறுப்பைக் கந்தப்பனிடம் விட்டார். புதுச் செம்புத் தகடுகள் கொழும்பிலிருந்து வந்திருந்தன. ஹாஷிம் நானாவைத் தேய்த்த ஹெட்டோடு வரச் சொன்னார்கள்.

அவர் போனார். மாட்டு வண்டியில் ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டே போனார், வண்டிக்காரனையும் நம்பவில்லை. ஸ்டோர் வாசலில் லொறி பொனட் திறந்து நின்றது. மத்தியானக் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடைகளோடு ஒதுங்கி நின்றார்கள். கருப்பம்மாவும் அவர்களுக்குள் இருந்தாள். ஸ்டோருக்குள் கொழுந்து உருட்டும் உருளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

கணபதி சட்டைக் கையை மடித்து, இரண்டு கைகளையும் கந்தப்பனுக்கு விரித்துக் காட்டினான். பிறகு ஹாஷிம் நானாவிடமும் வந்து விரித்துக் காட்டினான். மடியை உதறிக் காட்டினான். நானா உற்றுப் பார்த்தார். ஊற்ற வைத்திருந்த தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். நல்ல ஊற்றுத் தண்ணீர்.

வேலை தொடங்கியது. செம்புத் தகட்டைத் துடைத்து வைத்தான். ஹெட்டைக் குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாக இறக்கினான். போல்ட்டுகளை எல்லாத் துளையிலும் விரலால் திருகி நிறுத்தினான். ஹாஷிம் நானா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். ஆனால் அவர் பார்த்தது கணபதியின் விரல் இடுக்குகளை. எங்கே மண் ஒளித்திருக்கிறான், எங்கே உப்பு வைத்திருக்கிறான் என்று பார்த்தார். ஸ்பேனர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு சத்தம் அவரை உலுக்கியது. கணபதி ஒரு மூலைப் போல்ட்டை முழுப் பலத்தோடு, முனகிக்கொண்டு, கடைசி வரைக்கும் இறுக்கிக்கொண்டிருந்தான். இரும்பு கிறீச்சிட்டது. அதை விட்டு எதிர் மூலைக்குப் போனான். அதையும் கடைசி வரைக்கும். மூன்றாம் மூலை, நான்காம் மூலை. பிறகு உள்ளங்கையால் ஹெட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தான். நடுவில் இருந்தவை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

தேயிலைப் பெட்டிக்கு அப்படித்தான் மூடி அடிப்பார்கள். முதலில் நாலு மூலையிலும் ஆணி, மூடி நகராமல் பிடித்துக்கொள்ள. தட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஓரமாகச் சுற்றி வருவார்கள். பலகை மூடிக்கு அதுதான் சரி. இரும்பு மூடியை அப்படி இறுக்கினால் மூலைகள் நாலும் கீழே கடித்துக்கொள்ளும், நடு வயிறு கண்ணுக்குத் தெரியாத அளவு எழும்பி நிற்கும். அந்த இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். ஒவ்வொரு முறையும் ஹெட்டின் நடுவில்தான் துரு வழிந்திருந்தது. ஹாஷிம் நானா அதை நக்கிக்கூடப் பார்த்தவர். ஏன் நடுவில் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நல்லா இறுக்கு என்று அவர் சொன்னார். இவன் நல்லா இறுக்கினான். தனக்குத் தெரிந்த ஒரே மூடியை இறுக்குகிற மாதிரி இறுக்கினான்.

அவருக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா, இரண்டும் சேர்ந்து வந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றால் காரியம் தானாக முடிந்துவிடும் என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது. எஞ்சினை ஓட்டுவார்கள், சூடாகும், நடுவில் ஆவி வரும். உப்புப் போட்டவன் என்று இல்லாவிட்டாலும், கைராசி இல்லாத டிரைவர் என்றாவது கணபதி போவான். புது டிரைவர் வருவான். ஹெட் மறுபடியும் சாக்குத் திரைக்குத்தான் வரும். அவர் பேர் அப்படியே இருக்கும். இவ்வளவு யோசனையும் ஒரு மூச்சில் அவருக்குள் ஓடியது என்பதை மறைத்துப் பயனில்லை. ஓடியது. கணபதி கடைசிப் போல்ட்டை முடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி. தான் ஒளிக்க எதுவும் இல்லை என்று காட்டிவிட்ட நிம்மதி. அந்த முகத்தை ஹாஷிம் நானாவால் பார்க்க முடியவில்லை.

இறுக்கினது பிழை என்று அவர் சொன்னார். குரல் சரியாக வரவில்லை, கந்தப்பன் என்ன என்று கேட்டார். டிரைவர் ஒன்றும் கலக்கவில்லை, இறுக்குகிற முறைதான் பிழை, மூலையிலிருந்து இறுக்கக் கூடாது, நடுவிலிருந்து இறுக்க வேண்டும் என்று மறுபடி சொன்னார். கந்தப்பன் உடனே கணபதியின் பக்கம் திரும்பினார். தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்திருக்கலாமே, வாய் இல்லையா என்று சீறினார். கணபதி ஹாஷிம் நானாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கேயும் நின்றுகொள்ள ஓர் இடம் இருந்தது. டிரைவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று பூசி மெழுகிவிட்டு மலை இறங்கியிருக்கலாம்.

"கேட்டான் ஐயா," என்றார் ஹாஷிம் நானா. "முதல் நாளே கேட்டான். நான்தான் சொல்லல்ல."

ஏன் சொல்லவில்லை என்று கந்தப்பன் கேட்டார். தொழில் போய்விடும் என்று பயந்தேன் என்று ஹாஷிம் நானா சொல்லியிருக்கலாம், ஆனால் ஸ்பேனரைப் பிடிக்கிற ஒரு முறையில் எந்தத் தொழில் போய்விடும் என்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. கந்தப்பன் எல்லார் முன்னாலும் அவரைப் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. வயசுக்கு மரியாதை இல்லாத பேச்சு. அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

பிறகு எல்லாப் போல்ட்டையும் கழற்றி, நசுங்கிப்போன தகட்டை எடுத்துவிட்டு வேறு தகடு வைத்தார். சாக்குக் கட்டவில்லை, யாரையும் தண்ணீருக்கு அனுப்பவில்லை. சுண்ணாம்புக் கட்டி கேட்டு வாங்கி, ஒவ்வொரு போல்ட்டின் பக்கத்திலும் எது முதல், எது பிறகு என்று இலக்கம் போட்டார். நடுவிலிருந்து வெளியே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரு சுற்று லேசாக இறுக்கிவிட்டு ஸ்பேனரைக் கணபதியிடம் நீட்டினார்.

கணபதி உடனே வாங்கவில்லை. சுண்ணாம்பு இலக்கங்களையும் நானாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை ஹாஷிம் நானாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கடைத்தெருவில் எல்லாரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். தன்மேல் அது விழுவது எப்படி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"நீங்களும் லொறியில ஏறணும்," என்றான் கணபதி. "டேசன் வரைக்கும் எம் பக்கத்துல ஒக்காந்து வரணும்."

ஏறுகிறேன் என்றார். கணபதி அதன்பிறகுதான் ஸ்பேனரை வாங்கி, இலக்கப்படி இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் இறுக்கினான். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி மறுபடி இறுக்கினான். பெட்டிகளை ஏற்றினார்கள். மேட்டில் ஏறி மறுபடி இறங்கும் அந்தப் பாதை முழுக்க ஹாஷிம் நானா கண்ணை ரேடியேட்டர் மூடியிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஆவி வரப்போகிறது என்று இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தன் கண்ணாடி கோணியிருந்தால்? தான் போட்ட இலக்கத்தில் ஒன்று மாறியிருந்தால்? வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் வேலையையே சந்தேகப்பட்டார். கணபதி பாதையைப் பார்த்து ஓட்டினான்.

ஆவி வரவில்லை. ஸ்டேஷனில் நிறுத்தி, கணபதி இறங்கிப் பொனட்டைத் திறந்து, ஹெட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரம் இல்லை. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான். ஹாஷிம் நானா பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியையும் கறுப்புப் பூச்சையும் எட்டுப் போடுவதையும், எல்லாவற்றையும், கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அடுத்த தடவை வீட்டுக்கு வந்து திரைக்கு உள்ளேயே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். கணபதி முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"ஒங்க வேல சுத்தம் நானா. அதுல ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா அடுத்த தடவ நான் பண்டாரவளைக்குக் கொண்டுபோறேன். கேட்டா சொல்ற ஆளுகிட்ட குடுத்தாத்தான் எனக்கு வண்டியில பயமில்லாம ஒக்கார முடியும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பெட்டிகளை இறக்கப் போய்விட்டான்.

ஹாஷிம் நானா ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தார். பண்டாரவளைக்காரன் இவனுக்கு ஏதாவது கொடுத்திருப்பானோ என்று பழக்கத்தில் ஒருமுறை யோசித்துப் பார்த்தார். கந்தப்பன் சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்றும் யோசித்தார். ஒன்றும் ஒட்டவில்லை. வீட்டில் லரீபா கதவைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டார். அவன் கேட்டது உண்மை, நான் சொல்லாதது உண்மை, இனி அவன் வரமாட்டான் என்று அவர் சொன்னார். அவர் சொன்ன எதையும் லரீபா அன்றைக்குச் சந்தேகப்படவில்லை.